ஒன்றரை சதவீதம்

படகு கிளப்பில் அவருக்கு ‘ஒன்றரை’ என்று பெயர். புதிதாகச் சேருகிறவர்கள் அதைக் கேட்டதும் முதலில் அவர் கண்ணைத்தான் பார்ப்பார்கள். கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. இரண்டும் நேராகத்தான் இருக்கும். எதிரில் நிற்கிற ஆள் எத்தனை கிலோ தேறுவான் என்று யோசிக்கிற பார்வை மட்டும் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். பெயர் வந்தது வேறு வழியில். தன் படகின் ஸ்லிப் ஒன்றரை சதவீதத்துக்கும் உள்ளே என்று அவரே கணக்குப் போட்டார், அவரே அறிவித்தார், கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். நான்கு வருடத்தில் சொந்தப் பெயர் மின்கட்டண ரசீதோடு நின்றுபோனது.

பிழைப்புக்கு அவர் பார்ப்பது எடைமேடை வேலை. ஆற்றுத்துறைக்குப் போகிற சாலையோரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு; அதற்கு வெளியே தரையோடு தரையாக ஓர் இரும்பு மேடை. மணல் லாரி, ஜல்லி லாரி, பழைய இரும்பு ஏற்றிய லாரி எல்லாம் அதில் ஏறி நிற்கும். ஓட்டுநர் கீழே இறங்கினால்தான் அவர் பொத்தானை அமுக்குவார். இறங்கச் சோம்பல்படுகிறவர்களிடம், “உங்களையும் சேர்த்தா விக்கப் போறீங்க?” என்று கேட்பார். இந்த வேலையிலேயே தலை நரைத்ததில், உலகத்தில் எந்தத் தொல்லையைத் தோண்டினாலும் அடியில் கொஞ்சம் அதிகப்படி எடை ஒளிந்திருக்கும் என்கிற முடிவுக்கு அவர் வந்திருந்தார். முடிவுக்கு வந்துவிட்டால் அவரை யாரும் அங்கிருந்து கிளப்ப முடியாது.

படகு என்றால் மீன் பிடிக்கிற படகு இல்லை. ஒடிசலான, தட்டை அடி கொண்ட வேகப் படகு. பின்னால் தன் உடம்புக்கு மீறின ஒரு கறுப்பு எஞ்சினைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும். முழு வேகத்தில் போகும்போது அடியில் ஒரு சாண் அகலம்தான் தண்ணீரைத் தொடும், மிச்சமெல்லாம் காற்றில். ஒரு மூட்டை அரிசி ஏற்ற முடியாது, உறவுக்காரர்களை அக்கரைக்கு அழைத்துப் போக முடியாது. அதை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய காரியம் ஒன்றே ஒன்றுதான்: ஆறு வளையாமல் ஓடுகிற இடத்தில் இறக்கிவிட்டு, எவ்வளவு வேகம் போகிறது என்று பார்ப்பது. பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

கிளப்பில் மணிக்கு நூற்றறுபது கிலோமீட்டர்தான் எல்லைக்கோடு. அதைத் தொட்டவர்கள் நாற்காலியில் சாய்ந்து உட்காருவார்கள். தொடாதவர்கள் விளிம்பில் உட்காருவார்கள். ஒன்றரையின் படகு நூற்றைம்பத்தேழு போகும். போன வருடமும் நூற்றைம்பத்தேழு, அதற்கு முந்தின வருடமும் அதேதான். ஆனாலும் அவர் சாய்ந்துதான் உட்காருவார். வேகம் எல்லாருக்கும் வரும், இந்த ஸ்லிப் யாருக்கு வரும் என்பது அவர் வாதம்.

ஸ்லிப் என்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மரத்தில் திருகாணியைத் திருகினால் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று உள்ளே போகும். புரொப்பெல்லரும் அப்படித்தான், ஆனால் தண்ணீர் மரம் இல்லை, வழுக்கிக்கொடுக்கும். ஒரு சுற்றுக்கு முக்கால் மீட்டர் போக வேண்டியது அதைவிடக் கொஞ்சம் குறைவாகப் போகும். அந்தக் குறைச்சலுக்குத்தான் ஸ்லிப் என்று பெயர். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது, நடுவில் இருக்கிற பல்சக்கரங்கள் அதை எவ்வளவு குறைத்துக் கீழே அனுப்புகின்றன, புரொப்பெல்லர் ஒரு சுற்றில் எவ்வளவு முன்னேற வேண்டும் என்கிற மூன்றும் தெரிந்தால், கொஞ்சமும் வழுக்காமல் போனால் வரவேண்டிய வேகம் வந்துவிடும். நிஜ வேகத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நல்ல படகுக்கே ஏழு, எட்டு சதவீதம் வழுக்கும். பத்து என்றாலும் யாரும் வெட்கப்படுவதில்லை.

ஒன்றரையின் படகும் ஒரு காலத்தில் எட்டில்தான் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் மிதந்துவந்த மரக்கட்டையில் இடித்துவிட்டார். கியர் பெட்டி உடைந்தது, புரொப்பெல்லரின் ஓரம் சொரசொரத்துப் போனது. கியர் பெட்டியைச் சகலை எடுத்துக்கொண்டு போனார். சகலை எஞ்சின் மெக்கானிக். மனைவியின் தங்கை வீட்டுக்காரர். அவர் பெட்டியைச் சரிசெய்து கொண்டுவந்து பூட்டும் வரை ஒன்றரை புரொப்பெல்லரை மடியில் வைத்துக்கொண்டு, உப்புத்தாள் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். தேய்த்து மாட்டி ஓட்டினால், நூற்றுநாற்பத்தொன்பதில் கிடந்த படகு நூற்றைம்பத்தேழு போயிற்று. கணக்குப் போட்டார். ஸ்லிப் ஒன்றரைக்கும் உள்ளே. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அன்றிலிருந்து கிளப்பில் உப்புத்தாளுக்கு வந்தது காலம். ஞாயிற்றுக்கிழமையானால் ஆளுக்கொரு புரொப்பெல்லரைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். எந்தப் பக்கமாகத் தேய்க்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், தேய்க்கும்போது ஏன் பேசக் கூடாது என்றெல்லாம் அவர் விளக்குவார். தேய்த்துத் தேய்த்து அவர்களுக்கு மணிக்கட்டு சுளுக்கியதே தவிர ஸ்லிப் குறையவில்லை. “அது கைவாகு,” என்பார் ஒன்றரை, பெருந்தன்மையாக. “சொல்லிக் குடுத்து வர்றதில்ல.”

அவர் மனைவிக்குக் கைவாகு நிஜமாகவே உண்டு. படகுகளுக்கு மேலுறை தைப்பது அவள் தொழில். கிளப்பில் பாதிப் படகுகள் அவள் தைத்த கேன்வாஸைத்தான் போர்த்திக்கொண்டிருந்தன. ஒருமுறை நாடாவைப் பிடித்து அளந்தால் போதும், உறை தோல் போல உட்காரும். ஆனால் தைக்கத்தான் இடம் இல்லை. தையல் மெஷின் நடைக்கூடத்தில் இருந்தது. பெரிய உறை ஒன்று வந்துவிட்டால் கேன்வாஸ் நடைக்கூடத்தில் புறப்பட்டு, ஹாலைக் கடந்து, படுக்கையறைக் கதவுக்குள் நுழைந்து கட்டில் காலில் போய் முட்டும். சமையலறைக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மகள் கல்யாணமாகிப் போனபோது, மிச்சமான இடத்தில் முதலில் குடியேறியது கேன்வாஸ் சுருள்தான்.

வீட்டை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு ஷெட் இருந்தது. நீளமான, காற்று வருகிற, மேலே இரண்டு குழல்விளக்கு எரிகிற ஷெட். அவள் கண்ணுக்கு அதில் ஒரு நீண்ட மேஜை கிடப்பது அப்படியே தெரியும். அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லாமல் அங்கே படகு நின்றது.

“வெளியில நிறுத்துங்களேன். நல்ல உறையா நான் தைச்சுத் தரேன்,” என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

“வெயில் பட்டா அடிப்பாகம் நெளியும். நெளிஞ்சா போச்சு.”

“அப்போ எப்பத்தான் எனக்கு இடம்?”

அப்போது சகலையும் மைத்துனியும் வீட்டில் இருந்தார்கள். நாலு பேர் முன்னால் மனைவி கேட்டுவிட்டதால் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “நூத்தறுபதத் தொட்டுடறேன். தொட்ட அன்னிக்கே படக வித்துடறேன். ஷெட்டு உனக்கு. போதுமா?” என்றார். நூற்றைம்பத்தேழு கண்டு ஒரு மாதம்கூட ஆகாத சமயம் அது. இன்னும் மூன்று கிலோமீட்டர்தானே என்று எல்லாரும் நினைத்தார்கள். அவரும் நினைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்படியாக, படகென்றால் முகம் சுளிக்கிற ஒருத்தி, அந்தப் படகு வேகமாகப் போக வேண்டும் என்று ஊரிலேயே அதிகமாக ஆசைப்படுகிறவளாக ஆனாள்.

புரொப்பெல்லரில் இனிச் செய்ய எதுவும் இல்லை என்று ஒன்றரை தீர்மானித்துவிட்டிருந்தார். ஒன்றரை சதவீதத்தை மேலும் தேய்ப்பதாவது. அதன் மேல் யாராவது விரல் வைத்தால்கூட அவருக்குப் பொறுக்காது. ஆகவே மிச்சமிருப்பது எடைதான். அது அவர் ஊறிப்போன விஷயம். முதலில் பக்கத்து இருக்கையைக் கழற்றினார். அப்புறம் தன் இருக்கையின் முதுகில் ஓட்டை ஓட்டையாகத் துளைத்தார். நங்கூரத்தைக் கொடுத்துவிட்டு ஒரு சின்ன அலுமினியத் துண்டைக் கட்டினார். அதனால் படகு எங்கேயும் நிற்கவில்லை, ஆனால் லேசாக இருந்தது. பெட்ரோலைப் போக, வரக் கணக்காக ஊற்றினார். கணக்கு ஒருமுறை கொஞ்சம் பிசகி நட்டாற்றில் நின்றுவிட, மணல் தோணிக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். இழுத்து வருகிற வழியெல்லாம், “இந்த எஞ்சின் எத்தன குதிரைன்னு சொன்னீங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

அடுத்தது உடம்பு. எடைமேடையில் லாரி இல்லாத நேரமாகப் பார்த்து ஏறி நிற்பார். லாரிகளுக்கான மேடை அது. பத்து கிலோவுக்குக் குறைந்த வித்தியாசத்தை அது மனிதனுக்காகக் காட்டப்போவதில்லை. ஆனாலும் ஏறுவார். வீட்டில் எண்ணெய் நின்றது, இனிப்பு நின்றது, இரவுச் சாப்பாடு பாதியானது. அவர் மட்டும் தட்டைத் தள்ளிவைத்தால் மனம் மாறிவிடும் என்று அவளும் கூடவே பாதி வயிற்றோடு எழுந்தாள். மெஷின் மிதிக்கும்போது அவளுக்குத் தலை சுற்றும். சுவரைப் பிடித்துக்கொண்டு, நீண்ட மேஜையை நினைத்துக்கொள்வாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து இளைத்ததில் உறவுக்காரர்கள் வீட்டில் ஏதோ கஷ்டம் என்று பேசிக்கொண்டார்கள். வேகம் நூற்றைம்பத்தேழை விட்டு நகரவில்லை.

இது இப்படியே ஓடியிருக்கும். கியர் எண்ணெயை மாற்றலாம் என்று திருகைக் கழற்றியபோது அது பால் போல வெளுத்து வந்தது. எங்கோ தண்ணீர் கசிகிறது. சகலையை வரச் சொன்னார்கள். ஞாயிறு மத்தியானம் சகலை வந்து, ஷெட்டில் பலகை மேல் கியர் பெட்டியைப் பிரித்துப் பரப்பினார். ஒன்றரை ஓரமாக நின்று ஒவ்வொரு சாமானையும் கையில் வாங்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி டார்ச் பிடித்தாள்.

சகலை ஒரு சின்னப் பல்சக்கரத்தைத் துணியால் துடைத்து விளக்கில் காட்டினார். “தண்ணிய அடைக்கிற சீல்தான் போயிருக்கு. சக்கரத்துக்கு ஒண்ணும் இல்ல. பதினாறு பல்லும் அப்படியே இருக்கு பாருங்க அண்ணி.”

“பதினஞ்சு,” என்றார் ஒன்றரை.

“பதினாறு, சகலை.”

“எஞ்சின் புஸ்தகத்துல பதினஞ்சுன்னுதான் போட்டிருக்கு. நான் கணக்குப் போடறதே அத வெச்சுத்தான்.”

“புஸ்தகத்துல இருந்தது மரக்கட்டையில இடிச்சப்பவே தூளாயிடுச்சே. அந்த அளவு கெடைக்கல, பதினாறு பல்லு செட்டுதான் கெடைச்சுது, அதைத்தான் போட்டேன். சொன்னேனே உங்ககிட்ட. நீங்க புரொப்பெல்லர மடியில போட்டு தாலாட்டிட்டு இருந்தீங்க. ‘உம்’னு சொன்னீங்க.”

ஒன்றரை சக்கரத்தை வாங்கி எண்ணினார். பதினாறு வந்தது. எங்கே தொடங்கினோம் என்று மறந்துவிட்டது என்று சொல்லி, மறுபடி எண்ணினார். அவள் சும்மா இருக்காமல் துணிக்குக் கோடு போடுகிற சாக்கட்டியால் ஒரு பல்லில் அடையாளம் வைத்துக் கொடுத்தாள். அடையாளத்திலிருந்து எண்ணியும் பதினாறுதான்.

அந்தச் சின்ன மேல் சக்கரத்தில் ஒரு பல் கூடினால் என்ன ஆகும் என்பது அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரியும். அதே எஞ்சின் சுற்றுக்குப் புரொப்பெல்லர் கூடுதலாகச் சுற்றும். கூடுதலாகச் சுற்றினால் படகு போக வேண்டிய தூரமும் கூடும். போனதோ அதே நூற்றைம்பத்தேழு. நான்கு வருடம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்லிப் பாடம் கேட்டவள், கையிலிருந்த சாக்கட்டியால் அங்கே கிடந்த கேன்வாஸ் துண்டிலேயே கணக்கைப் போட்டு முடித்தாள். நிமிர்ந்து விடையைச் சொன்னாள்.

“ஏழரை.”

அந்தச் சொல்லை நல்ல சேதியாக யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. எட்டு கிலோமீட்டர் கூடியது இந்தப் பல்லால். உப்புத்தாள் எதையும் கூட்டவில்லை. அவர் கைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. கிளப்பில் அத்தனை பேருக்கும் தேய்க்கச் சொல்லிக்கொடுத்தது மனக்கண்ணில் வரிசையாக வந்து நின்றது. இனி என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதும் புரிந்துவிட்டது. ஒரு பல்லுக்கு ஆறு சதவீதம். அவர் கவிழ்த்துப்போட்டிருந்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டார்.

அவள் முகமோ மலர்ந்துவிட்டது. “ஏழரைன்னா குறைக்க எவ்வளவு இருக்கு. அஞ்சுக்குக் கொண்டுவந்தாலே நூத்தறுபது தாண்டிடுமே. தம்பி, வேற புரொப்பெல்லர் போட்டா ஆகும்தானே?”

“ஏன் ஆகாது. எங்கிட்டயே ஒண்ணு சும்மா கெடக்கு. இதே அளவுதான். இறக்கை மெல்லிசு, ஓரம் கொஞ்சம் உள்ள வளைஞ்சிருக்கும். தண்ணிய நழுவ விடாது. மூணு வருஷமா மாட்டிப் பாருங்கன்னு சொல்றேன், சகலைதான் ஒன்றரைய எவனும் தொடக்கூடாதுன்னுட்டாரு.”

“கிளப்புல இத யாருக்கும் சொல்ல வேணாம்,” என்றார் ஒன்றரை, வாளி மேலிருந்து. சகலை தலையாட்டினார்.

அடுத்த ஞாயிறு ஓட்டிவிடலாம் என்றாள் அவள். அடுத்த ஞாயிறு ஆற்றில் தண்ணீர் போதாது என்றார் அவர். அதற்கடுத்த ஞாயிறு தண்ணீர் அதிகம். அப்புறம் இடுப்புப் பிடிப்பு. நான்கு வருடமாக நூற்றறுபது, நூற்றறுபது என்று தூக்கத்தில்கூடப் புலம்பிய மனிதர், அது கைக்கெட்டும் தூரத்தில் வந்ததும் எல்லாவற்றுக்கும் நிதானமாகிவிட்டார். வழக்கத்தைவிட அதிகமாகப் படகைத் துடைத்தார். எடைமேடையில் ஒரு லாரிக்காரர் இறங்க மறந்தபோது அவர் ஒன்றும் சொல்லாமல் பொத்தானை அமுக்கிவிட்டார். லாரிக்காரரே பயந்து கீழே இறங்கி வந்து உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

அவள் தங்கை வீட்டுக்குப் போய், சகலையின் புரொப்பெல்லரைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். ஷெட்டு வாசலில் வைத்துவிட்டு, “தங்கச்சி வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை வந்து மாட்டித் தரேன்னாரு. கிளப்புலயும் சொல்லியாச்சு,” என்றாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள். அவர் புரொப்பெல்லரைத் தூக்கி உள்ளே வைத்தார். இவ்வளவு ஆசையாக அவள் ஒன்றைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

கிளப்பின் வழக்கம் இது: ஆற்றில் நீரோட்டம் உண்டு என்பதால் ஒரு பக்கம் ஓடின வேகத்தை யாரும் ஒத்துக்கொள்வதில்லை. போக ஒரு தடவை, வர ஒரு தடவை ஓட வேண்டும். இரண்டின் சராசரிதான் வேகம். கிளப்பின் ஜி.பி.எஸ். கருவியைச் செயலாளர் படகில் பொருத்திக் கொடுப்பார். ஒன்றரைக்கு இதற்கு மேல் சொந்தமாக ஒரு வழக்கமும் இருந்தது. ஒவ்வொரு பக்கம் ஓடி முடித்ததும் படகை நிறுத்தி, எஞ்சின் அதிகபட்சம் எத்தனை சுற்றுப் போனது என்று மீட்டர் ஞாபகத்தில் வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, பொத்தானை அழுத்திப் பிடித்து உடனே அதை அழித்துவிடுவார். போன பக்கத்துச் சுற்று வந்த பக்கத்தோடு கலந்தால் ஸ்லிப் கணக்குக் கெட்டுப்போகும் என்பார்.

சகலை புரொப்பெல்லரை மாட்டிக் கொடுத்த ஞாயிறு காலை காற்றே இல்லை. படகுத்துறையில் கொடிகள் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கின. ஒன்றரை படகில் ஏறி, நீரோட்டத்தோடு முதல் ஓட்டம் ஓடினார். வேக விசையை முழுக்கத் தள்ளியதும் முன்பாகம் எழுந்து, படகு தண்ணீரை விட்டுக் கழன்றுகொண்டது. இதுவரை அவர் அறியாத ஒரு லேசு அது. பின்னால் புரொப்பெல்லர் தண்ணீரைக் கவ்விப் பிடித்திருப்பது முதுகுக்கே தெரிந்தது. மீட்டர் ஆறாயிரத்து ஐந்நூறு. வேகம் நூற்றறுபத்து மூன்று. அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காற்று அடித்ததால் என்று வைத்துக்கொண்டாலும் குற்றமில்லை.

அந்தக் கோடியில் படகை நிறுத்தினார். பழக்க தோஷத்தில் மீட்டரைப் பார்த்தார், அழித்தார். நீரோட்டம் என்ன பிடித்து இழுத்தாலும் திரும்புகிற பக்கம் நூற்றைம்பத்தெட்டுக்குக் குறையாது. கணக்கு முடிந்துவிட்டது. எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டு நிற்க, அவர் துளைபோட்ட இருக்கையில் உட்கார்ந்து படகை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நாளைக்கு யாரோ ஒருவன் வந்து இதைக் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போவான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார். வாரம் முழுக்க மற்றவர்களின் சுமையை நிறுத்துப் பார்க்கிற ஒருவனுக்கு எடையே இல்லாமல் இருந்த இடம் இது ஒன்றுதான்.

திரும்பி ஓட்டினார். விசையைத் தள்ளினார். கடைசியில் ஒரு விரல் அளவு மிச்சம் இருந்தது. கை அதைத் தள்ளவில்லை. கரையிலிருந்து பார்க்கிற யாருக்கும் அந்த ஒரு விரல் தெரியாது. ஓடி முடித்து மீட்டரைப் பார்க்கவோ அழிக்கவோ இந்தத் தடவை அவருக்குத் தோன்றவில்லை.

துறையில் செயலாளர் கருவியைக் கழற்றிப் படித்தார். “போக நூத்தி அறுபத்து மூணு. வர நூத்தி ஐம்பத்தொண்ணு.” கொஞ்சம் நிறுத்தி, கூட்டி, வகுத்தார். “சராசரி நூத்தி ஐம்பத்தேழு.”

துறையே சிரித்தது. “ஒன்றரை அண்ணே, இந்த நம்பர உங்க பேருக்கே எழுதிக் குடுத்துடலாம்,” என்றார் ஒருவர். முதுகில் தட்டினார்கள், தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

“எதிர்காத்து. போறப்ப ஆறாயிரத்து ஐந்நூறு சுத்து வந்துது,” என்றார் ஒன்றரை. சகலை அண்ணாந்து கொடியைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் காலடியைப் பார்த்துக்கொண்டார். ஒன்றரைக்கு முதலில் வந்தது நிம்மதி. அது வந்த வேகத்தைக் கண்டு அவருக்கே வெட்கமாகிவிட்டது.

அவள் எப்போதும் போலப் படகைத் துடைக்க இறங்கினாள். துடைக்கிற துணியை மீட்டர் அருகே வைத்துவிட்டு, குனிந்து ஒரு பொத்தானை அமுக்கினாள். எண்ணைப் படித்தாள். பிறகு கட்டைவிரலால் அதே பொத்தானை அழுத்திப் பிடித்தாள். யாரோ ஒருவர் படகுக்குள் எட்டி, “அண்ணி, சுத்து எவ்வளவு போயிருக்கு?” என்று கேட்டார். “ஒண்ணும் காட்டல,” என்றாள். மேலே நின்றிருந்த ஒன்றரை அந்தக் கட்டைவிரலைப் பார்த்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது வேனில் இரண்டு பேர்தான். பின்னால் டிரெய்லரில் படகு. இரண்டு தெருவைத் தாண்டிய பிறகு அவள் பேசினாள்.

“ஆறாயிரத்து இருநூறு.”

அவர் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

“போறப்ப ஆறாயிரத்து ஐந்நூறு போன எஞ்சின் வர்றப்ப அதுக்கு மேல ஏறல. நீரோட்டத்தக் கழிச்சுட்டா ஸ்லிப்பு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் வருது, காத்து எதுவும் தடுக்கல. போட்டுப் பார்த்துட்டேன்.”

“அடுத்த ஞாயிறு மறுபடி ஓட்டறேன்.”

“வேணாம். ஓட்டினாலும் அதே நூத்தம்பத்தேழுதான் வரும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குப் பதில் இருந்திருக்கும். அவள் யாரோ கேட்ட வழியைச் சொல்வது போலச் சொன்னாள். அவளுக்கு அழுகை வந்தது, வெளியே பார்த்துக்கொண்டாள். அழித்துக் காப்பாற்றினாளே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தாழ்வாக, “மானமே போயிருக்கும்,” என்றார்.

வீடு வந்ததும் அவர் டிரெய்லரைப் பின்னோக்கி ஷெட்டுக்குள் தள்ளவில்லை. சுற்றுச்சுவரை ஒட்டி, வெயில் நேராக விழுகிற இடத்தில் நிறுத்திக் கொக்கியைக் கழற்றினார். ஷெட்டுக்குள் போய், கழற்றிப்போட்ட இருக்கை, எண்ணெய் டப்பா, உப்புத்தாள் கட்டு எல்லாவற்றையும் வாசலுக்கு எடுத்துப்போட ஆரம்பித்தார். அவள் நடைக்கூடத்திலிருந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய் நாற்காலி போட்டு ஏறி, பரணில் எதையோ உருட்டினாள். பெரிய மூட்டையாக ஒன்றைத் தூக்கிவந்து படகு மேல் போட்டு விரித்தாள்.

சாம்பல் நிறக் கேன்வாஸ், இரட்டைத் தையல். எஞ்சினுக்குத் தனியாகத் தூக்கிக் கொடுத்திருந்தாள், கண்ணாடிக்குத் தனியாக மடிப்பு வைத்திருந்தாள். மூக்கிலிருந்து பின்பாகம் வரை ஒரு சுருக்கம் விழவில்லை. மடித்துக் கிடந்த கோடுகள் மட்டும் வெளுத்துப்போயிருந்தன.

“இது எப்ப தைச்சே?”

“படக வித்துடறேன்னு சொன்னீங்களே, அந்த வாரம்.”

“அப்பவே நான் விக்க மாட்டேன்னு தெரியுமா?”

“அன்னிக்கு நீங்க படகத் துடைச்சதப் பார்த்தேன். அளவெடுத்துட்டேன்.” அவள் ஒரு பக்கத்துக் கயிற்றை வளையத்தில் கோத்து இழுத்துக் கட்டினாள்.

“தெரிஞ்சுமா நாலு வருஷம் என்கூடப் பட்டினி கெடந்தே?”

“தைச்சுத்தான் வெச்சேன்,” என்றாள் அவள். “நீங்க சொன்ன வார்த்தைப்படி வித்துட்டா இது தேவைப்படாதுன்னும் நெனச்சுக்கிட்டே இருந்தேன்.”

ஒன்றரை படகைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அங்கே இருந்தது ஒரே ஒரு கயிறுதான். அதைக் கட்டி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.